வயலை யார் வரைவது? இளம் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் விடுமுறை நாளில் பலகையும் தூரிகையுமாக அவுட்டோர் கிளம்பும் இளம் ஓவியர்கள் அனைவருக்கும்,



தஞ்சாவூருக்கு வரும் ஓவியரின் கால்கள் தாமாகவே பெரிய கோயில் பக்கம் திரும்பும். கும்பகோணம் என்றால் மகாமகக் குளம், இல்லாவிட்டால் தாராசுரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1010இல் கட்டி முடித்த விமானம் இருநூறு அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்போது, பென்சிலை வேறு பக்கம் திருப்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் கும்பகோணத்திலிருந்து பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சைக்கு வரும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தவருக்குத் தெரியும், ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடப்பது வயல்தான் என்று. அந்த வயலைப் பற்றியது இந்த மடல். அது ஏன் இத்தனை காலம் ஓவியத்துக்குள் வரவில்லை, இனி அதை யார் கொண்டுவர முடியும் என்பதைச் சொல்வதற்கு, ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்கு வந்துபோன ஒரு நிலக்காட்சி ஓவியரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் தாமஸ் டேனியல். 1749இல் லண்டனுக்கு அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தவர். செல்வாக்கான குடும்பமில்லை. குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசி, கதவில் பிரபுக்களின் குலச்சின்னத்தை எழுதுவதுதான் அவர் முதலில் கற்ற தொழில். 1773இல் ராயல் அகாடமியின் பள்ளியில் இடம் கிடைத்தது. நிலக்காட்சிகள் வரைந்தார், கண்காட்சிகளில் வைத்தார். ஆனால் லண்டனில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருந்தார்கள். தகப்பனை இழந்த சகோதரர் மகன் வில்லியமும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்திருந்தான்.

1785 ஏப்ரலில் இருவரும் கப்பலேறினார்கள். இந்தியாவில் செதுக்குவேலை செய்ய தாமஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. வில்லியம் அப்போது பதின்வயதுப் பையன், சிற்றப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ எடுபிடியாக வந்தவன் என்றுதான் கப்பலில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். சீனா வழியாகச் சுற்றி 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அந்நகரின் பன்னிரண்டு காட்சிகளைச் செப்புத் தகட்டில் ஏற்றி 1788க்குள் அச்சிட்டு விற்றார்கள். அச்சுத்தொழில் தெரிந்த கைகள் போதிய அளவு கிடைக்காத ஊரில், வரைவதில் தொடங்கி அச்சடிப்பது வரை எல்லா வேலையையும் தாமஸ் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்த முறையின் பெயர் அக்வாடின்ட். உங்களில் கிராபிக்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த விஷயம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: செப்புத் தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால், பொடி உருகிப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் நனைத்தால் புள்ளிகளுக்கு இடையே மட்டும் செம்பு அரிக்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, இருட்டு வேண்டிய இடத்தை மறுபடி மறுபடி அரிக்க விடுவார்கள். இதனால் கோடுகளால் மட்டும் ஆன செதுக்குப்படத்தில் கிடைக்காத ஒன்று, அதாவது வாட்டர் கலர் வாஷ் போலப் பரவும் நிழல், அச்சிலேயே வந்துவிடும். மேலே கையால் வண்ணம் பூசுவார்கள். வானமும் தூரத்து மலையும் காற்றின் ஈரமும் முக்கியமாகிற நிலக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அச்சுமுறை அன்று இல்லை.

1788 முதல் 1791 வரை வடக்கே இமயமலையடிவாரம், கட்வால் வரை போய்வந்தார்கள். திரும்பி வந்து, வரைந்த எண்ணெய் ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரி குலுக்கலில் விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் தெற்குப் பயணம் நடந்தது. 1792 மார்ச் கடைசியில் சென்னையில் இறங்கினார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனிப் படை போன வழியையும் பிடித்த மலைக்கோட்டைகளையும் படத்தில் பார்க்க இங்கிலாந்தில் ஆசை இருந்தது. அதனால் முதலில் கிருஷ்ணகிரி, பெங்களூர்ப் பக்கம் போனார்கள். பிறகு பல்லக்கு, தூக்குவோர், கூடாரம், மாடுகள், வரைபலகைகள் என்று ஒரு பெரும் பரிவாரத்தோடு மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம், கன்னியாகுமரி வரை இறங்கி, திருச்சி, தஞ்சாவூர் தொட்டு, 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். தஞ்சையில் அப்போது அரசர் அமர்சிங். இரண்டாம் சரபோஜி பட்டமேற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

இங்கே அவர்கள் கண்ட தஞ்சாவூரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முக்கொம்பில் மேலணை இல்லை. அது 1836இல்தான் வந்தது. மேட்டூர் அணை இல்லை. பெரிய கோயிலுக்கு அருகே இன்று ஓடும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாயும் இல்லை. இரண்டும் 1934ஐச் சேர்ந்தவை. கல்லணை இருந்தது. காவிரியும் வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் இருந்தன. கோட்டையை விட்டு வெளியே வந்தால் எல்லாத் திசையிலும் நெல் இருந்தது.

டேனியல்கள் அச்சிட்டவற்றில் தஞ்சாவூர் என்று பெயர் சொல்லிப் புகழ்பெற்றவை எவை? ஒன்று பெரிய கோயில். இன்னொன்று அதன் நந்தி.

இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டாம். அந்த இருவரின் உழைப்பு சாதாரணமானதல்ல. 1794இல் இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 144 அக்வாடின்ட் படங்களை ‘ஓரியன்டல் சீனரி’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டு. அந்தக் காலத்தில் அது சிறிய தொகையல்ல. செப்புத் தகட்டு வேலையின் பெரும்பங்கைச் சுமந்தவர் வில்லியம். அந்தப் படங்களைப் பார்த்து இங்கிலாந்தில் பீங்கான் தட்டுகளில் இந்தியக் காட்சிகள் ஏறின. செசின்கோட் என்ற மாளிகையின் தோட்டத்தில் இந்தியச் சாயல் கொண்ட அமைப்புகளுக்கு தாமஸே யோசனை சொன்னார். எதிரே தெரிவதைத் தாளில் விழச்செய்யும் கேமரா ஆப்ஸ்க்யூரா கருவியை அவர்கள் பயன்படுத்தியதால், படங்களின் துல்லியம் அப்படி இருந்தது. 1990களில் ஆன்டோனியோ மார்ட்டினெல்லி என்ற புகைப்படக்காரர், டேனியல்கள் உட்கார்ந்து வரைந்த இடங்களைத் தேடித்தேடிப் போய் அதே கோணத்தில் படமெடுத்தார். இருநூறு ஆண்டு இடைவெளியில் எந்த மரம் போயிற்று, எந்தச் சுவர் இடிந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நிலக்காட்சி ஓவியர் ஒருவர் ஊருக்குச் செய்துவிட்டுப் போகக்கூடிய உதவி இது. ஊர் தன் பழைய முகத்தைத் திரும்பப் பார்த்துக்கொள்ள ஒரு தாள் கிடைக்கிறது.

ஆனால் டெல்டாவின் வயலுக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் சொல்லும்படி ஒரு தாள் இல்லை. ஏன்?

முதல் காரணம் ரசனை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ரசனைக்குக் காட்சி என்றால் மேடு பள்ளம் வேண்டும், பாறை வேண்டும், இடிந்த சுவர் வேண்டும், கரடுமுரடு வேண்டும். தமிழ்நாட்டில் டேனியல்கள் தேர்ந்தெடுத்ததைப் பாருங்கள்: திருச்சி மலைக்கோட்டை, மதுரை அரண்மனை, பாபநாசம் அருவி, ராயக்கோட்டை மலை, மாமல்லபுரத்துக் கல். எல்லாமே தரையிலிருந்து எழுந்து நிற்பவை. தட்டையாகக் கிடக்கும் பச்சைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். வழிப்போக்கருக்கு நேரம் இல்லை. விமானம் காத்திருக்கும்; எந்த மாதம் வந்தாலும், யார் வந்தாலும் அதே இடத்தில் நிற்கும். வயல் நிற்காது. பல்லக்கோடு வந்து சில நாள் தங்கிப் போகிறவருக்கு வயல் ஒரே ஒரு நாளின் பச்சையாகத்தான் தெரியும். நாற்று விட்டு, பறித்து, நட்டு, களையெடுத்து, கதிர் வாங்கி, அறுத்து, தரிசாகக் கிடந்து, மறுபடி சேறாகிற அந்தச் சுற்று முழுவதையும் பார்க்க, அந்த மண்ணில் குடியிருக்க வேண்டும்.

டேனியல்களுக்குப் பின் வந்தவர்களும் வழிப்போக்கர்களே. 1858இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப் பெரிய கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். இன்று பார்த்தாலும் பிரமிக்க வைக்கும் வேலை. 1870களின் இறுதியில் மரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண் ஓவியர் வந்து, தஞ்சையில் நீதிபதியாகவும் சம்ஸ்கிருத அறிஞராகவும் இருந்த பர்னெலின் விருந்தினராகத் தங்கினார். உலகமெல்லாம் சுற்றிச் செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே வரைந்தவர் அவர்; லண்டன் கியூ தோட்டத்தில் அவருடைய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்களுக்கென்றே ஒரு கட்டடம் 1882 முதல் இருக்கிறது.

ஊரில் இருந்தவர்களாவது வரைந்தார்களா என்று கேட்கலாம். தஞ்சாவூர் ஓவியம் தெய்வத்துக்கு உரியது. தங்கத்தாளும் கண்ணாடிக் கல்லும் சூழக் கண்ணன் உட்கார்ந்திருக்கும்போது, பின்னணியில் வயலுக்கு வேலையில்லை. கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த தஞ்சை ஓவியர்கள் சாதிகளையும் தொழில்களையும் கணவன் மனைவி ஜோடியாக நிறுத்தி ஆல்பம் செய்தார்கள். உழவர் அங்கே வந்தார், அவர் உழுத நிலம் காலடியில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. பட்டமேறிய பின் இரண்டாம் சரபோஜி பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். 1820களின் தொடக்கத்தில் அவர் காசிக்கு யாத்திரை போய்வந்தார். காசியின் 64 படித்துறைகளைக் காட்டும் சித்திரத் தொகுப்பு சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கிறது. கங்கைப் படித்துறைகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் திருவையாற்றுப் படித்துறைக்கும் கிடைத்திருந்தால், தியாகராஜர் நடந்த காலத்துக் காவிரியை இன்று நாம் கண்ணால் பார்த்திருப்போம்.

எழுத்தில் அப்படிக் குறை இல்லை. மருதத்திணையே இந்த வயல் நிலத்துக்கு உரியதுதான். நாரையும் எருமையும் ஆம்பலும் ஈராயிரம் ஆண்டாகப் பாட்டில் இருக்கின்றன. தி. ஜானகிராமனைப் படித்தவர், அரசலாற்றை நேரில் பார்க்காவிட்டாலும் அதன் ஈரத்தை அறிவார். அவரும் எழுத்தாளர் சிட்டியும் காவிரியை ஒட்டிப் பயணம் செய்து ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று ஒரு புத்தகமே செய்தார்கள். சொல்லால் இவ்வளவு சொன்ன ஊர், கோட்டாலும் வண்ணத்தாலும் சொல்லாமல் விட்டிருக்கிறது. அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் இந்த மடலின் செய்தி.

‘தட்டை நிலத்தில் என்ன காம்போசிஷன் வரும்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். கண்மட்டத்துக்கு ஒரு கோடு, கீழே பச்சை, மேலே நீலம், ஓரத்தில் ஒரு தென்னை: இதோடு நின்றுவிட்ட படங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்தச் சிக்கலை வேறு வேறு ஊர்களில் மூன்று பேர் மூன்று விதமாக அவிழ்த்திருக்கிறார்கள்.

ஒருவர் ஹாலந்தின் யாகோப் வான் ராய்ஸ்டேல். அவர் நாடும் நம் டெல்டா மாதிரியே தாழ்ந்த, வாய்க்கால் ஓடும் நிலம். 1670களில் ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து வரைந்தபோது, படத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மேகத்துக்குக் கொடுத்தார். மேகத்தின் நிழல் தரையில் விழுந்து, வெயில் பட்ட பட்டையும் நிழல் பட்ட பட்டையுமாக நிலம் பின்னோக்கிப் போகிறது. வெயில் விழுந்த இடத்தில் சலவைக்கு விரித்த துணிகள் வெளுத்துத் தெரிகின்றன. மலை இல்லாத ஊரில் ஆழத்தை உண்டாக்கியது வானம். ஐப்பசி மாதத்து நாகப்பட்டினம் வானத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொருவர் ஜான் கான்ஸ்டபிள். 1776இல் பிறந்தவர். தகப்பனார் மாவு மில் முதலாளி. ஸ்டவர் என்ற சிறிய ஆற்றங்கரையில் மில், தானியம் ஏற்றும் படகு, மதகு, வைக்கோல் வண்டி. மற்ற ஓவியர்கள் இத்தாலிக்குப் போன காலத்தில் கான்ஸ்டபிள் இங்கிலாந்தை விட்டு வெளியே போகவே இல்லை. தன் ஊர் மதகையும் படகையும் வாய்க்காலையும் ஆறடி நீளத் துணியில் வரைந்தார். ‘வைக்கோல் வண்டி’ 1821இல் லண்டனில் வைக்கப்பட்டு, 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் குன்றில் உட்கார்ந்து மேகங்களை மட்டும் வரைந்து, தாளின் பின்னால் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். ஊர் சுற்றிய வில்லியம் டேனியல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானது 1822இல். உள்ளூரிலேயே இருந்த கான்ஸ்டபிள் அதற்கு 1829 வரை காத்திருந்தார். இருவரும் இறந்தது 1837இல். குடும்ப மில்லை நடத்திய கான்ஸ்டபிளின் தம்பி, அண்ணன் வரைந்த காற்றாலையைப் பார்த்தால் அது நிஜமாகவே சுற்றும் என்று தெரிகிறது என்றாராம். தொழில் தெரிந்தவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை, பதக்கத்தைவிடப் பெரிது.

மூன்றாமவர் நம் நாட்டுக்காரர், வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே பார்வைக் குறை. ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. அவர் 1940இல் சாந்திநிகேதன் கலாபவன் மாணவர் விடுதியின் கூரையில் பீர்பூம் கிராமத்தை வரைந்தார். அடிவானக் கோடே அங்கே கிடையாது. நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரம், ஆடுமாடு, மனிதர்கள், வேலைகள். எந்தப் பக்கத்திலிருந்து அண்ணாந்தாலும் படம் தொடங்கும். நம் ஊர்களும் குளத்தைச் சுற்றித்தானே அமைந்திருக்கின்றன?

சென்னைக் கலைப்பள்ளியிலும் இதற்கு வேர் உண்டு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் அங்கே படித்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கேரளத்து நீர்வழிகளையும் தென்னைகளையும் வாட்டர் கலரில் வரைந்து பெயர் எடுத்தவர். நிலக்காட்சி என்பது ஆரம்பப் பாடம், அதைத் தாண்டிப் போக வேண்டும் என்ற எண்ணம் பின்னால் வந்தது. தாண்டிப் போவதில் தவறில்லை. ஆனால் நம் டெல்டாவில் இன்னும் யாரும் முழுமையாக உள்ளே போகவே இல்லை.

உள்ளே போவது என்றால் என்ன? ஒரு ஆண்டின் கணக்கைப் பாருங்கள்.

வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அங்கிருந்து தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள். அதற்கு முந்தைய வாரம் ஆறு முழுக்க மணல். தூர் வாரிய மண் கரையில் குவிந்து கிடக்கும். தண்ணீர் வந்த முதல் நாள் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். தலைமடையில் நாற்றங்கால் முளைத்த பிறகும் கடைமடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும். ஒரே நாளில் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு படமும் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு படமும் வரைந்தால், காவிரிப் பிரச்சினை பற்றி நூறு கட்டுரை சொல்வதை அந்த இரண்டு தாள்கள் சொல்லிவிடும்.

குறுவை நடவு ஆடிக்குள். நட்ட வயலில் பச்சை குறைவு, வானம் அதிகம். தண்ணீரில் மேகம் நிற்க, அதன்மேல் நாற்றுகள் கோடு கோடாக நிற்கும். பச்சையை எடுக்காமல் சாம்பல் நீலத்தில் வாஷ் தொடங்க வேண்டிய நாட்கள் இவை. இரண்டு மூன்று வாரத்தில் நாற்று தூர் கட்டி, இடைவெளி அடைந்து, வானம் மறைந்துவிடும். புரட்டாசியில் ஒரு பக்கம் குறுவை மஞ்சளாகிச் சாயும், வரப்புக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு நடக்கும். இரண்டு பட்டத்தையும் ஒரே படத்தில் காட்டும் வாய்ப்பு அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வரப்பு மூழ்கினால், நேற்று வரைந்த கோடுகள் எல்லாம் இன்று இருக்காது. மார்கழியில் பனி, தாள் காய மறுக்கும், ஈரத்தின்மேல் ஈரமாக வரைய அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுப்பு. அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல் போனதும் தாள்களுக்கு நடுவே புதிய பச்சை தலைகாட்டும். கோடையில் வெடித்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும், ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள். டெல்டா எப்போதும் பச்சை என்று நினைப்பவர்களுக்கு அந்த மண்ணின் சாம்பலையும் பழுப்பையும் நீங்கள் காட்டுங்கள்.

அழகானதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம் என்பது இன்னொரு வேண்டுகோள். மின்கம்பத்தையும் செல்போன் டவரையும் விட்டுவிட்டு ஓலைக்குடிசையை மட்டும் வரைந்தால், அது யாரோ ஒருவரின் நினைவில் இருக்கும் ஊர்; நீங்கள் நிற்கும் ஊர் ஆகாது. அறுவடை மெஷின் சேற்றில் விட்டுப்போன சங்கிலித் தடம், வைக்கோல் போர் இருந்த இடத்தில் மெஷின் சுருட்டிப்போட்ட வைக்கோல் கட்டுகள், கொள்முதல் நிலையத்தின் வெளியே படுதா போர்த்திக் கிடக்கும் நெல்மூட்டைகள், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்: இவையும் இன்றைய மருத நிலம். டேனியல்கள் காலத்து ஆற்றுக்கும் இன்றைய ஆற்றுக்கும் நடுவே மூன்று பெரிய பாசன வேலைகள் வந்துவிட்டன. அடுத்த ஐம்பது ஆண்டில் என்ன வரும், என்ன போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

போவது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை 2018 நவம்பர் 16 காட்டியது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அந்த ஒரே இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தலைமுறையாக அந்த வழியே போனவர்களுக்குப் பழகிய நிழல் காலையில் இல்லை. செய்திப் படங்கள் விழுந்த மரங்களைக் காட்டின. நின்ற தோப்பின் வெளிச்சம் எப்படி இருந்தது, கீற்றின் வழியே அது தரையில் எப்படி விழுந்தது என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தால், அந்த ஊர்களுக்கு அது இன்று சொத்து. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. பாதுகாக்கப்படுவது எதை என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது ஓவியரின் பங்கு.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஆளுக்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மதகு, ஒரு வாய்க்கால் தலைப்பு, ஒரு கண்ணுக்கு அடங்கும் வயல், வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்தால் நல்லது. ஒரு ஆண்டு முழுக்க அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். தாமஸ் டேனியலால் தன் வாழ்நாளில் செய்ய முடியாத காரியம் இது; பரிவாரம் இல்லாமல் உங்களால் முடியும்.

தாளின் பின்னால் ஊர், ஆறு அல்லது வாய்க்காலின் பெயர், பட்டம், தேதி, நேரம் எல்லாம் எழுதுங்கள். 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றிய எட்வர்ட் லியர், வரைந்த படத்தின் மேலேயே இடத்தையும் நேரத்தையும் நிறக்குறிப்பையும் எழுதிவிடுவார். அவருடைய தாள்கள் இன்று ஓவியமாகவும் ஆவணமாகவும் பயன்படுவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அவுட்டோர் வகுப்பை நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வையுங்கள். ஆண்டுதோறும் மாணவர்கள் வரைந்த வயல் படங்களில் தேறியவற்றைக் கல்லூரியிலேயே ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பத்து ஆண்டு சேர்ந்தால் டெல்டாவுக்கென்று ஒரு தொகுப்பு உருவாகிவிடும்.

கடைசியாக ஒன்று. வரைந்து முடித்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அந்த வயல்காரரையோ, நடவுக்கு வந்த அம்மாக்களையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். “நாத்து இவ்வளவு நெருக்கமா நடமாட்டோம் தம்பி” என்று சொன்னால் திருத்துங்கள். “மடைய இந்தப் பக்கம் போட்டா தண்ணி எப்படிப் பாயும்?” என்று கேட்டால், மறுநாள் போய் மடையை மறுபடி பாருங்கள். கண்காட்சிக்கு அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அன்புடன்,
காவிரிக்கரை வாசகர் ஒருவர்